குழந்தைகள் மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தலைமை ஏற்பது: முதல் ஓராண்டில் எதைக் கையில் எடுப்பது?

கேள்வி: வைகறை

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நான் குழந்தைக் கண் மருத்துவராகப் பணிபுரிகிறேன். எங்கள் கண் பிரிவின் தலைவர் ஓய்வு பெறவிருப்பதால், அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுமாறு மருத்துவமனை நிர்வாகமும் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவத் துறைத் தலைவரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏற்பது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். ஏற்ற பிறகு முதல் ஓராண்டில் எதை முதலில் கையில் எடுப்பது, எதை ஒத்திவைப்பது என்பதில்தான் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. இதே பொறுப்பில் இருந்தவர்களும், இப்படிப்பட்ட பிரிவோடு சேர்ந்து வேலை செய்பவர்களும் தங்கள் கருத்தை எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பிரிவின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்களின் நியமனம், பதவி உயர்வு, ஆய்வு, ரெசிடென்ட்களின் (கண் மருத்துவம் பயிலும் இளம் மருத்துவர்களின்) பயிற்சி ஆகியவை பல்கலைக்கழகத் துறையின் கையில் இருக்கின்றன. கட்டடம், அறுவை அரங்கு, செவிலியர்கள், ஆர்த்தாப்டிஸ்ட்கள் (பார்வையையும் மாறுகண்ணையும் அளந்து மருத்துவருக்குத் துணை நிற்கும் வல்லுநர்கள்), கருவிகள் வாங்கும் பணம் ஆகியவை மருத்துவமனையின் கையில் இருக்கின்றன. துறை எங்களிடம் ஆய்வுக் கட்டுரைகளை எதிர்பார்க்கிறது. மருத்துவமனை புறநோயாளிகளின் எண்ணிக்கையையும் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கையையும் எதிர்பார்க்கிறது.

புறநோயாளர் பிரிவில் மாறுகண், கண்ணாடி, சோம்பல் கண் (ஒரு கண்ணின் பார்வையை மூளை சரியாகப் பயன்படுத்தாத நிலை) ஆகியவற்றுக்காக வரும் குழந்தைகளே மிகுதி. புதிதாக வருபவருக்கு நேரம் கிடைக்கப் பல மாதங்கள் ஆகின்றன. இதற்கு நடுவே, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பார்க்கவும், புற்றுநோய், நரம்பியல், மூட்டுவாதம், மரபணு மருத்துவம் ஆகிய பிரிவுகளிலிருந்து ஆலோசனை சொல்லவும் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைப் பரிசோதிக்கக் கூடியவர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். ஃபெலோ இடம், அதாவது குழந்தைக் கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்கு வரும் மருத்துவருக்கான இடம், இந்த ஆண்டும் நிரம்பவில்லை. அனுபவம் மிக்க ஆர்த்தாப்டிஸ்ட் ஒருவர் அண்மையில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்த நிலையில் இரண்டு மேலிடங்களுக்கும் நடுவே நின்று எதை வற்புறுத்திக் கேட்பது? என் சொந்த அறுவை நாட்களைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? எல்லாமே அவசரம் போலத் தெரியும் ஒரு பிரிவில் உண்மையான அவசரத்தை எப்படிப் பிரித்தறிவது?

மறுமொழி: கரையோரம்

வைகறை அவர்களுக்கு வணக்கமும் வாழ்த்தும். இதே வகைப் பிரிவு ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தி, அந்தப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்த பின், இப்போது மருத்துவராக மட்டும் தொடர்கிறேன்.

காத்திருக்கும் குழந்தைகளின் பட்டியலை நிர்வாகம், துறை, செய்தித்தாள் என எல்லோரும் பார்க்கிறார்கள். வர வேண்டிய நாளில் வராமல் போன குழந்தைகளின் பட்டியலைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. தலைவராக நீங்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தப் பட்டியல்தான் என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர் ஒருவருக்குக் கண்புரை அறுவை ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்த ஆறு மாதமும் பார்வை மங்கலாக இருக்கும். அறுவை முடிந்ததும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஹியூபெல், வீசல் ஆகிய மூளை ஆய்வாளர்கள் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இமையோடு தைத்து மூடிச் செய்த ஆய்வுகளில், வளரும் பருவத்தில் பார்வை கிடைக்காத கண்ணை மூளையின் பார்வைப் பகுதி கைவிட்டுவிடுவதையும், பின்னர் தையலைப் பிரித்தாலும் இழந்த இணைப்புகள் பெருமளவு மீளாததையும் கண்டார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த பிறவிக் கண்புரை இருந்தால் பிறந்து ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டிலிருந்து பத்து வாரங்களுக்குள்ளும் அறுவை செய்ய வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான். ஐந்தாவது வாரத்தில் வர வேண்டிய குழந்தை சளி பிடித்திருக்கிறது என்று வராமல் இருந்து மூன்றாம் மாதத்தில் வந்தால், எவ்வளவு திறமையாக அறுவை செய்தாலும் அந்தக் கண்ணுக்கு நல்ல பார்வை கிடைப்பது கடினம்.

இப்படி நாள் தவறினால் திருத்த முடியாத நோய்கள் நம் துறையில் மிகப் பல இல்லை. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் ஒன்று. கண்பாவையில் வெள்ளை ஒளியாக முதலில் தெரியும் ரெட்டினோபிளாஸ்டோமா புற்றுநோய் மற்றொன்று. அதில் கண்ணோடு உயிரும் போகும். பிறவியிலேயே வரும் கண் அழுத்த நோயும் இதில் சேரும். சிறார் மூட்டுவாதத்தோடு வரும் கண்ணின் உள் அழற்சியை நான் தனியாகச் சொல்வேன், ஏனென்றால் கண் சிவக்காது, வலிக்காது, குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் உட்கார வைத்துப் பார்க்காமல் எந்தத் தாயாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆபத்து மிகுந்த குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற விதியே அவர்களின் ஒரே பாதுகாப்பு. உண்மையான அவசரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தாமதமானால் பின்னால் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வியை ஒவ்வொரு நோய்க்கும் கேட்டுப் பாருங்கள். பிரிவு தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடும்.

பட்டியலுக்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. நோயின் பெயர், கடைசியாகப் பார்த்த நாள், எந்த நாளைத் தாண்டக் கூடாது என்ற குறிப்பு, பெற்றோரின் எண்ணோடு உறவினர் ஒருவரின் எண், வராவிட்டால் அழைத்தது யார், என்ன பதில் கிடைத்தது ஆகியவை கொண்ட ஒரு பதிவேடு போதும். ‘அடுத்த வருகை’ என்று பொதுவாக எழுதாமல் ‘இந்த நாளைத் தாண்டக் கூடாது’ என்று எழுதுவதில் ஒரு காரணம் இருக்கிறது. முன்பதிவு மேசையில் இருப்பவர் இடம் இல்லை என்று இரண்டு வாரம் தள்ளி நாள் கொடுக்கும்போது, எந்தக் குழந்தைக்கு அப்படித் தள்ளலாம், எந்தக் குழந்தைக்குத் தள்ளவே கூடாது என்பதை அறிய அவருக்கு வேறு வழி கிடையாது. வாரம் ஒருமுறை தலைவரும் ஒருங்கிணைப்பாளரும் சேர்ந்து உட்கார்ந்து, நாள் தாண்டிய பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்த வேலையை இளையவரிடம் விடாதீர்கள். தலைவரே கேட்கிறார் என்று தெரிந்தால்தான் முன்பதிவு மேசை முதல் அரங்கு வரை அனைவரும் அதை முக்கியமாக எடுத்துக்கொள்வார்கள்.

பெற்றோர் வராததற்கு அலட்சியம் காரணமாக இருப்பது அரிது. வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கும். வேலைக்கு விடுப்பு கிடைக்காது. குழந்தை நன்றாகப் பார்ப்பது போலத் தெரிவதால் மருத்துவர் சொன்னது மிகையோ என்று தோன்றும். பலரிடம் நோயின் பெயரைச் சொல்லி அனுப்புகிறோமே தவிர, நாள் தவறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி அனுப்புவதில்லை.

இரண்டு மேலிடங்கள் குறித்து ஒன்று சொல்கிறேன். இருவரையும் தனித்தனியே சந்தித்தால் ஒவ்வொருவரும் மற்றவர் பணம் தர வேண்டும் என்பார்கள். கையெழுத்திடுவதற்கு முன் இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, குழந்தைகளுக்கான மயக்க மருந்து நிபுணரோடு கூடிய நிலையான அரங்கு நாள், விழித்திரைப் பரிசோதனைக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், நிர்வாக வேலைக்கென ஒதுக்கப்பட்ட நேரம் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பதவி ஏற்ற பிறகு கேட்பது கோரிக்கையாகிவிடும். ஏற்பதற்கு முன் கேட்பது நிபந்தனையாக நிற்கும். மயக்க மருந்து கொடுத்துக் கண்ணைப் பரிசோதிக்கும் நாளையும் அரங்கு நாளாகவே கணக்கிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். கத்தி எடுக்காத வேலை என்பதால் அதை அறுவைக் கணக்கில் சேர்க்க நிர்வாகம் தயங்கும். ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைக்கோ அந்தப் பரிசோதனையில்தான் சிகிச்சையே முடிவாகிறது.

மறுமொழி: இரவுப்பணி

நான் மருத்துவர் இல்லை. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து, பின்னர் விழித்திரைப் பரிசோதனைகளை ஒருங்கிணைக்கும் பணிக்கு வந்தேன். கரையோரம் ஐயா சொன்ன பதிவேட்டைத்தான் நாள்தோறும் வைத்திருக்கிறேன். கட்டிலின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதைத் தலைமை ஏற்கப்போகிற ஒருவர் அறிந்திருந்தால் நல்லது என்பதால் எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு முன்பே கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைக் குறைந்த செறிவில் போடத் தொடங்குவோம். ஒரு கிலோ எடை கூட இல்லாத குழந்தையின் கன்னத்தில் வழியும் ஒரு சொட்டையும் உடனே துடைத்துவிட வேண்டும். உடலுக்குள் சென்றால் இரத்த அழுத்தம் ஏறலாம், வயிறு மந்தமாகிப் பால் செரிக்காமல் போகலாம். பிறகு குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, நாக்கில் சர்க்கரைக் கரைசலைத் தொட்டுவைத்து, மரப்புச் சொட்டு போட்டு, இமைகளை விரித்து வைக்கும் கருவியைப் பொருத்துவார்கள். மருத்துவர் விழியை மெல்ல அழுத்தித் திருப்பும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறையும். மானிட்டர் ஒலிக்கும், செவிலியர் ‘நிறுத்துங்கள்’ என்பார், மருத்துவர் உடனே கையை எடுக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு மறுபேச்சு இல்லாமல் கட்டுப்படும் மருத்துவர்கள் இருக்கும் பிரிவில் எங்களுக்கு வேலை செய்ய விருப்பமாக இருக்கும். இந்தப் பழக்கத்தைப் பிரிவில் நிலைநாட்டுவது தலைவரின் வேலை.

யாரைப் பரிசோதிப்பது என்பதற்கு நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1,500 கிராமோ அதற்குக் குறைவான எடையோ, 30 வாரமோ அதற்கு முந்தைய பிறப்போ எல்லையாக இருக்கிறது. இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைகள் பரிசோதிக்கப்படுகிறார்கள், ஏனென்றால் அங்கே சற்றுப் பெரிய குழந்தைகளுக்கும் இந்நோய் கடுமையாக வருவது உண்டு. சிகிச்சை தேவைப்படும் நிலையை எட்டிவிட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். இந்த மணிக்கணக்கு வார இறுதியையும் விடுமுறையையும் பார்ப்பதில்லை. உங்கள் பிரிவில் பரிசோதிக்கக் கூடியவர்கள் இருவரே என்று படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ஒருவர் விடுப்பில் இருந்து மற்றவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்கள் என்ற கவலைதான்.

எங்கள் கைவிட்டுக் குழந்தைகள் நழுவுவது பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பும் நாளிலும், வேறு மருத்துவமனைக்கு மாற்றும் நாளிலும்தான். கண்ணுக்குள் ஊசி போடும் சிகிச்சை வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. 2011இல் வெளியான பீட்-ஆர்.ஓ.பி. ஆய்வில், நோய் திரும்பிய கண்களை எடுத்துக்கொண்டால், லேசர் சிகிச்சைக்குப் பின் சராசரியாக ஆறு வாரங்களில் அது திரும்பியது. பெவாசிசுமாப் ஊசிக்குப் பின் சராசரியாகப் பதினாறு வாரங்கள் கழித்துத்தான் திரும்பியது. பதினாறு வாரத்தில் அந்தக் குழந்தை வீட்டில் இருக்கும், எடை கூடியிருக்கும், தாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். ஊசி போட்ட குழந்தையின் வெளியேற்றக் கடிதத்தில் போட்ட நாள், மருந்தின் பெயர், அடுத்த பரிசோதனை நாள், அதைச் செய்ய ஒப்புக்கொண்ட மருத்துவர் ஆகிய நான்கும் இல்லாவிட்டால் குழந்தையை அனுப்புவதில்லை என்று எங்கள் இரு பிரிவுகளும் உடன்பாடு செய்துகொண்டன. கண் பிரிவின் தலைவரே வந்து பேசியதால்தான் அது நடந்தது.

ஆக்சிஜன் அளவு குறித்தும் பச்சிளங்குழந்தை மருத்துவர்களோடு நீங்கள் பேச வேண்டியிருக்கும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜனால் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதற்காகக் கண்ணை மட்டும் எண்ணி அளவைக் குறைக்கச் சொல்லவும் முடியாது: 2010இல் வந்த சப்போர்ட் ஆய்வில் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளிடம் கடுமையான விழித்திரை நோய் குறைந்தது, ஆனால் இறப்பு கூடியது. இந்த முடிவை எடுக்கும் கூட்டத்தில் கண் மருத்துவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

மறுமொழி: பட்டகம்

நான் ஆர்த்தாப்டிஸ்ட். மேலே சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் பிரிவை இரண்டாகப் பிரித்தபின் ‘மற்றவை’ என்ற பக்கத்தில் விழும் குழந்தைகளைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எண்ணிக்கையில் அவர்களே பெரும்பான்மை. சோம்பல் கண்ணை ஒரு வாரம் தாமதமாகப் பார்த்தால் எதுவும் கெட்டுவிடாது. ஒவ்வொரு முறையும் நாலு மாதம் தாமதமாகப் பார்த்தால், நாலு வயதில் வந்த குழந்தை எட்டு வயதாகும்வரை சிகிச்சை முடியாமல் கிடக்கும். அதுவும் பார்வை இழப்புதான், மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் குழந்தைகளுக்குத் தேவைப்படும் மருத்துவரின் நேரம் நாம் வழக்கமாக எண்ணுவதைவிடக் குறைவு. பல மையங்கள் சேர்ந்து ஆய்வு செய்யும் பீடிக் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான சோம்பல் கண்ணுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், சோம்பல் கண் வேலை செய்யட்டும் என்று, நல்ல கண்ணை மூடியவர்களும் ஆறு மணி நேரம் மூடியவர்களும் நாலு மாதத்தில் ஒரே அளவு முன்னேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, நல்ல கண்ணில் பார்வையை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு விடுவது மூடுவதற்கு ஏறக்குறைய இணையாகப் பலன் தருவதை அதே குழு காட்டியது. இரு கண்களின் பவர் வேறுபாட்டால் சோம்பல் கண் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்குக் கண்ணாடி மட்டுமே போதுமாக இருந்தது என்பது 2006இல் வந்த முடிவு. அதாவது கண்ணாடி கொடுத்துக் காத்திருப்பது, பார்வையை அளப்பது, மூடும் நேரத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது ஆகிய தொடர் வருகைகளை எழுதிவைத்த விதிமுறைப்படி ஆர்த்தாப்டிஸ்ட் தனியாகவே நடத்தலாம். விதிமுறைக்கு வெளியே போகும் குழந்தையை மட்டும் மருத்துவரிடம் அனுப்பலாம். உங்கள் பல மாதக் காத்திருப்பில் கணிசமான பகுதி இதனாலேயே குறையும் என்று நம்புகிறேன்.

ஆர்த்தாப்டிஸ்ட்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். சம்பளம் ஒரு காரணம். அதைவிட, நாள் முழுவதும் எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையை அளந்து கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் அறைக்குள் இடம் இல்லாமல் நிற்பது மனத்தைச் சோர்வடையச் செய்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் பார்வையைச் சரியாக அளப்பது எளிய வேலை அன்று. நல்ல கண்ணை மூடியதும் தலையை லேசாகச் சாய்த்து ஒட்டுப்பட்டையின் மூக்கோர இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். அதைக் கவனிக்காமல் எழுதிய எண்ணை நம்பி மருத்துவர் சிகிச்சையை நிறுத்திவிடக் கூடும். அறுவைக்கு முந்தைய மாறுகண் அளவை நாங்கள்தான் எடுக்கிறோம், எத்தனை மில்லிமீட்டர் தசையை நகர்த்துவது என்பது அந்த அளவின் மேல்தான் நிற்கிறது. விலகிப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள். தனியாக நடத்தும் கிளினிக்கும், ரெசிடென்ட்களுக்குப் பாடம் எடுக்கும் பொறுப்பும், முடிவெடுக்கும் கூட்டத்தில் இடமும் கிடைக்கும் என்று தலைவரே சொன்னால் யோசிக்கக் கூடியவர்கள் எங்களில் பலர்.

மறுமொழி: மேசைவிளக்கு

ஆய்வு, பயிற்சி ஆகியவை பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துறை கேட்கும் கட்டுரைகளுக்காகப் பிரிவுக்குள்ளேயே சிறு சிறு ஆய்வுகளைத் தொடங்காதீர்கள். குழந்தைக் கண் நோய்களில் பெரும்பாலானவை அரியவை. ஒரே மருத்துவமனையில் கிடைக்கும் எண்ணிக்கையைக் கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை உள்ள சிசுக்களுக்கு அறுவையின்போதே லென்ஸ் பொருத்துவதா, கான்டாக்ட் லென்ஸ் கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை காண 12 மையங்கள் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து 114 சிசுக்களைத்தான் சேர்க்க முடிந்தது. அந்த ஆய்வுதான் ஐந்து வயதில் இரு குழுவினரின் பார்வையும் ஒன்றே என்பதையும், லென்ஸ் பொருத்தியவர்களில் 72 சதவீதத்தினருக்கும் மற்ற குழுவில் 21 சதவீதத்தினருக்கும் கண்ணுக்குள் மீண்டும் அறுவை தேவைப்பட்டதையும் காட்டி, உலகெங்கும் சிகிச்சை முறையையே மாற்றியது. பலமைய ஆய்வுக் குழு ஒன்றில் உங்கள் பிரிவைச் சேர்த்து, ஓர் ஆய்வு ஒருங்கிணைப்பாளருக்கான சம்பளத்தைத் துறையிடம் கேளுங்கள். கரையோரம் சொன்ன பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் பிரிவைத்தான் அத்தகைய குழுக்கள் விரும்பும், ஏனென்றால் ஐந்து ஆண்டு கழித்தும் குழந்தையைத் திரும்ப வரவழைக்கக் கூடிய இடம் அதுவே.

ஃபெலோ இடம் நிரம்பாதது உங்கள் பிரிவின் குறை மட்டுமில்லை. பல நாடுகளில் இளம் கண் மருத்துவர்கள் விழித்திரை, கார்னியா என்று போகிறார்கள். குழந்தை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் அதிகம், வருவாய் குறைவு. வாஷிங்டனில் ஃபிராங்க் காஸ்டன்பேடர் 1943இல் தம் மருத்துவத்தைக் குழந்தைகளோடு நிறுத்திக்கொண்ட நாளிலிருந்து இந்தத் துறை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்றே வளர்ந்திருக்கிறது; அவரிடம் பயின்ற மார்ஷல் பார்க்ஸ் தாமே பலரைப் பயிற்றுவித்தார். ஆகவே விளம்பரத்தைவிட ரெசிடென்ட்கள் உங்கள் பிரிவில் கழிக்கும் வாரங்களை நம்புங்கள். அந்த வாரங்களில் அவர்கள் ஓயாத கூட்டத்தையும் அழும் குழந்தைகளையும் மட்டும் பார்த்தால் திரும்ப மாட்டார்கள். ஒரு மாறுகண் குழந்தையை முதல் பரிசோதனையிலிருந்து அறுவை, அறுவைக்குப் பிந்தைய வருகை வரை ஒரே ரெசிடென்ட் தொடர்ந்து பார்க்கும்படி அமைத்துக் கொடுங்கள். இந்தத் துறையின் மகிழ்ச்சி அங்கே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: வைகறை

நான்கு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்த்தாப்டிஸ்ட் கிளினிக்குக்கான விதிமுறையை எழுதத் தொடங்கிவிட்டேன். விலகிச் சென்றவரிடமும் பேசப்போகிறேன். கரையோரம் ஐயாவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். என் அறுவை நாட்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மேலும், தலையில் காயத்தோடு சேர்க்கப்படும் சிசுக்களில், யாரேனும் அடித்தோ குலுக்கியோ துன்புறுத்தியிருக்கலாம் என்ற ஐயத்தின் பேரில் விழித்திரையைப் பார்க்க வரும் அழைப்புகள் எங்கள் இளைய மருத்துவர்களை மிகவும் கலங்கச் செய்கின்றன. நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இதைத் தலைவர் எப்படிக் கையாள வேண்டும்?

மறுமொழி: கரையோரம்

பட்டகம் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். மெதுவாக நடக்கும் இழப்பையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்.

அறுவையை விடாதீர்கள். அரங்கில் நிற்காத தலைவர் அரங்கின் சிக்கலைப் பற்றிப் பேசினால் மயக்க மருந்து நிபுணர்களும் செவிலியர்களும் செவிமடுக்க மாட்டார்கள். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்பதில் கண்டிப்பாக இருங்கள். சாதாரண மாறுகண் அறுவைகளை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு, பிறவிக் கண்புரையையும் சிக்கலான மறு அறுவைகளையும் அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். உங்கள் பெயரில் வரும் பரிந்துரைகளைப் பிரிவின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஒருவரின் காத்திருப்புப் பட்டியல்தான் பிரிவிலேயே நீளமானதாக இருக்கும்.

துன்புறுத்தல் ஐயம் உள்ள சிசுவைப் பொறுத்தவரை, இளையவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதை விதியாகவே ஆக்குங்கள். முதல் பார்வையை ரெசிடென்ட் பார்த்தாலும் மூத்தவர் ஒருவர் வந்து உறுதி செய்ய வேண்டும். முடிந்தவரை முதல் 24 மணி நேரத்துக்குள் கண்பாவையை விரித்து முழு விழித்திரையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில இரத்தக் கசிவுகள் சில நாட்களிலேயே மறைந்துவிடும். நரம்பியல் பிரிவு கண்பாவையைக் கண்காணித்துக்கொண்டிருந்தால் சொட்டு போடும் நேரத்தை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். குறிப்பில் ‘இரத்தக் கசிவு உள்ளது’ என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. எத்தனை, எந்தெந்த அடுக்கில், விழித்திரையின் ஓரம் வரை பரவியிருக்கிறதா, அடுக்குகள் பிளந்த குழி ஏதும் இருக்கிறதா என்று வரைபடத்தோடு எழுதி, படமும் எடுக்க வேண்டும். யார் செய்தார், எப்படி நடந்தது என்ற முடிவுக்கு இளையவர் போக வேண்டியதில்லை. அது குழந்தைப் பாதுகாப்புக் குழு எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து எடுக்கும் முடிவு. கண்டதைக் கண்டபடி எழுதியவருக்கு நீதிமன்றத்தில் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை என்பதையும், அழைப்பாணை வந்தால் தலைவரும் மருத்துவமனையின் சட்ட அலுவலரும் உடன் வருவார்கள் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்த அன்று மாலை அவரோடு சற்று நேரம் பேசுங்கள். அந்தக் கட்டிலருகே நின்றது யாருக்கும் எளிதாகக் கடந்து போகக் கூடியது அன்று.

இரவுப்பணி எழுப்பிய கவலைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க இருவர் போதாது. ஃபெலோவுக்காகக் காத்திருக்காமல், துறையில் இருக்கும் விழித்திரை நிபுணர்களில் ஒருவரையாவது மாதத்தில் சில முறை உங்களோடு கட்டிலருகே நிற்கச் செய்து மூன்றாமவராகத் தயார் செய்யுங்கள்; லேசர் செய்ய அவர்களுக்கு ஏற்கனவே கை பழகியிருக்கும், சிசுவைக் கையாள்வதுதான் புதிது. அவரது நேரத்துக்கான சம்பளப் பங்கை மருத்துவமனை தர வேண்டும் என்பதை, இரு மேலிடங்களுக்கும் நீங்கள் எழுதப்போகும் கடிதத்தில் முதல் நிபந்தனையாக வையுங்கள். அரங்கு நாள் அதற்கு அடுத்ததாக வரட்டும்.